ஆறடி பேஸ்மெண்ட்

எங்கள் வீட்டுக்கு அந்தத் தெருவில் 'மாடியில்லாத மாடி வீடு' என்று பெயர். வாசலில் நின்று பார்த்தால் படிகள் ஏறிக்கொண்டே போகும். அவ்வளவு உயரம் ஏறினால் ஒரு மொட்டைமாடியாவது வர வேண்டும், வருவது முன்கூடம்தான். தபால்காரர் மேலே வருவதை நிறுத்திவிட்டுக் கீழேயிருந்தே சைக்கிள் மணியை அடிப்பார். பால்காரர் அண்ணாந்து பார்த்து, "ஏனுங்க அம்மணி, சொம்பைக் கயித்துல கட்டி எறக்கறீங்களா?" என்று என் மனைவியைத் தினமும் கேட்பார். தினமும் அதே கேலி. நானும் தினமும் சிரித்துவைப்பேன்.

போத்தனூரில் அந்த வீடு எப்படி அவ்வளவு உயரத்துக்குப் போனது என்ற கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்ல என்னால் முடியும். எத்தனையோ கல்யாணப் பந்திகளில் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். என் மனைவி மட்டும் நான் ஆரம்பித்ததுமே எழுந்து வேறு பக்கம் போய்விடுவாள். அவளுக்குக் கதையின் மறுபாதி தெரியும். எனக்கும் தெரியும். பந்தியில் சொல்வதற்கு அது ஆகாது.

வீடு என் அக்காவுக்காகத்தான் ஆரம்பித்தது. அக்கா என்னைவிட ரொம்ப மூத்தவள். அம்மா போன பிறகு என்னை வளர்த்து ஆளாக்கியவள். கட்டிக்கொடுத்த இடம் சரியில்லாமல் ஒரே வருஷத்தில் திரும்பி வந்தாள். பிறகு எங்கும் போகவில்லை. நான் படித்து, கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் படம் வரைகிற வேலையில் சேர்ந்து, கல்யாணமும் செய்துகொண்டேன். அப்போதும் அவள் எங்களோடுதான் இருந்தாள். சமையலறை அவள் ராஜ்யம். என் மனைவிக்கு அதில் வருத்தமில்லை. இருவரும் சேர்ந்துகொண்டு என்னைத்தான் கேலி செய்வார்கள்.

அக்காவுக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. சும்மா தலைவலி என்று சொல்லிவிட முடியாது. மாதத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ வரும். வந்தால் வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, தாளிக்கிற வாசனை ஆகாது. அப்போது நாங்கள் வாடகைக்கு இருந்தது ரயில் பாதையை ஒட்டிய லைன் வீட்டில். ஓட்டுக்கூரை, ஓட்டுச் சந்தெல்லாம் வெளிச்சம். போத்தனூர் ஜங்ஷனில் ராவும் பகலும் எஞ்சின் முன்னும் பின்னும் போய் வண்டி கோக்கும். ஒவ்வொரு பெட்டி மோதும்போதும் எங்கள் வீட்டுப் பாத்திரம் நடுங்கும். அக்கா கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். கட்டிலைச் சுற்றிக் கம்பளியைத் தொங்கவிட்டு, அந்த இருட்டில் தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிடப்பாள். உள்ளேயிருந்து ஒரு முனகல்கூட வராது. நான் ஆபீசிலிருந்து வந்து கட்டிலைச் சுற்றிக் கம்பளி தொங்குவதைப் பார்த்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பேன். அதற்குமேல் எனக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுமில்லை.

அப்போதுதான் அந்தப் படப் புத்தகம் வந்தது. எங்கள் கம்பெனி எஞ்சினியர் ஒருவர் அமெரிக்கா போய் வந்தவர்; வழவழப்பான தாளில் அச்சடித்த ஒரு பத்திரிகையை டிராயிங் ஆபீசில் போட்டுவிட்டுப் போனார். அதில் ஒரு வீடு லாரியில் வந்து இறங்கியது. சுவர் தனியாக, கூரை தனியாக, ஜன்னல் தனியாக. தொழிற்சாலையில் செய்த வீட்டைக் கொண்டுவந்து பூட்டி நிறுத்துகிறார்கள். அது எனக்கு ஆச்சரியமாக இருந்தாலும் என்னைப் பிடித்து நிறுத்தியது அதற்கு அடுத்த பக்கம்தான். அந்த வீட்டுக்கு அடியில், பூமிக்குள், முழுசாக ஓர் அறை. வெளிச்சம் நுழையாது. சத்தம் நுழையாது. கோடையில் குளிர்ச்சி. அதற்குப் பெயர் பேஸ்மெண்ட் என்று போட்டிருந்தது.

கட்டில்! நான் உடனே நினைத்தது அக்காவின் கட்டிலைத்தான். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அந்த இங்கிலீஷ் வார்த்தையும் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. நிலவறை என்று சொல்லியிருக்கலாம். குழி ரூம் என்று சொல்லியிருந்தால் மாட்டுக்காரருக்கும் புரிந்திருக்கும். நான் பேஸ்மெண்ட் என்றுதான் சொன்னேன். ஆபீசில் சொன்னேன், ஒறம்பரை, சொந்தபந்தங்களிடம் சொன்னேன், டீக்கடையில் சொன்னேன். 'பேஸ்மெண்ட் வைத்து வீடு கட்டப் போறேன்' என்றதும் யாரும் பெரிதாக வியக்கவில்லை என்பது எனக்குக் குறையாகக்கூட இருந்தது. பேஸ்மெண்ட் இல்லாமல் எவன் வீடு கட்டுவான் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். நம் ஊரில் கொத்தனார் முதல் சித்தாள் வரை எல்லாருக்கும் பேஸ்மெண்ட் என்றால் அது கடைக்காலுக்கு மேலே தரைமட்டத்திலிருந்து எழுப்பி, உள்ளே மண் ரொப்பி, அதன்மேல் வீட்டை உட்கார வைக்கிற அந்த மேடை. இது எனக்குத் தெரியாது. பம்பு வரைகிறவனுக்கு அது எப்படித் தெரியும் என்று பிறகு பல தடவை எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அக்காவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குப் பூமிக்குள்ள ஒரு ரூம் கட்டப் போறேன்க்கா."

"ஏன் கண்ணு, உசுரோட பொதைக்கப் போறியா?" என்று சிரித்தாள். என் மனைவியும் சேர்ந்து சிரித்தாள். எனக்குக் கோபம் வந்து எழுந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அக்காவே வந்தாள்.

"அங்க வெளிச்சம் வருமா கண்ணு?"

"வராது."

"ரயிலுச் சத்தம்?"

"கேக்கவே கேக்காது."

 அக்கா போய்த் திரும்ப முறத்தை எடுத்துக்கொண்டாள். ஆனால் அன்று சாயந்திரம் பக்கத்து வீட்டு அம்மாளிடம், "என்ற தம்பி எனக்குன்னு ஒரு ரூம்பு கட்டறானாமா" என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. அவள் தனக்கென்று ஒன்றைப் பற்றிப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

லாரியில் இறங்குகிற வீட்டுக்கு இங்கே எங்கே போவது? போத்தனூரிலேயே ஒரு கண்ட்ராக்டர் இருந்தார். ரயில் பாதை ஓரம் வேலி போடுவதற்கு அச்சில் சிமெண்ட் கம்பம் ஊற்றிக் கொடுத்துப் பேர் வாங்கியவர். கம்பம் ஊற்றுகிற அச்சில் சுவர் ஊற்றினால் என்ன என்று அவருக்கே ஒரு நாள் தோன்றியிருக்கிறது. பக்கவாட்டில் நீளப் பள்ளமாகக் காடி வெட்டின தூண்களை நட்டு, அந்தக் காடிக்குள் சிமெண்ட் சிலாப்புகளை மேலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினால் சுவர். மேலே சிமெண்ட் ஷீட்டைப் போட்டால் வீடு. ஊரில் அதற்கு ரெடிமேட் ஊடு என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதற்குமுன் இரண்டு குடோன்தான் அப்படிக் கட்டியிருந்தார். குடியிருக்கிற வீடு என்னுடையதுதான் முதல்.

அடக்கம் என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்து பேசுவார். "தம்பீ, சட்டை எடுக்கற மாதிரிங்க. அளவைச் சொல்லுங்க, மாட்டிக்கிட்டுப் போய்ட்டே இருங்க. நாம கட்டுன குடோன்ல யானை முட்டுனாலும் யானைக்குத்தானுங்க வலிக்கும்" என்பார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அவரும் என்னைப் போலவே, தெரியாது என்று சொல்லத் தெரியாதவர்.

வீட்டுப் படத்தை நானே வரைந்தேன். பல வாரம் அதிலேயே கிடந்தேன். கூடம் எங்கே, சமையலறை எங்கே, புகை போகிற வழி எங்கே என்று என் மனைவி சொல்லச் சொல்ல அழித்து அழித்து வரைந்தேன். பம்பை நடுவில் அறுத்து உள்ளே இருப்பதைக் காட்டுவோமே, அதுபோல வீட்டையும் அறுத்துக் காட்டி ஒரு படம். மேலே கூரை, நடுவில் அறை, அடியில் ஆறடிக்கு ஒரு பெட்டி; அதற்குள் அழகான எழுத்தில் பேஸ்மெண்ட். தரைக்கோடு மட்டும் போடவில்லை. பம்புக்கு ஏது தரை? வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நான் தரைக்கோடு போட்டு ஒரு படமும் வரைந்ததில்லை. அந்தப் பெட்டி மண்ணுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று என் படத்தைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

கண்ட்ராக்டர் படத்தைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார்.

"ஆறடி பேஸ்மெண்ட்டுங்களா? நெசமாத்தானுங்களா தம்பி?"

"ஆறடிதானுங்ணா."

"நம்மூர்ல ரண்டடி, எச்சாப் போனா மூணடி. தண்ணி கிண்ணி தேங்கற எடமுங்களா அது?"

"தண்ணி எல்லாம் இல்லீங். ஆளு உள்ள நிமிந்து நிக்கோணும். அதுக்குத்தான்."

அவர் நான் சொன்னதைத் தன் பாணியில் கேட்டுக்கொண்டார். முகம் மலர்ந்துவிட்டது. "நிமிந்து நிக்கோணும்! அப்பிடிச் சொல்லுங்க. ஊர்ல எந்த மூலைல இருந்து பார்த்தாலும் உங்க ஊடு நிமிந்து நிக்குமுங்க. நீங்க கவலையே படாதீங்க."

பத்திரம் எழுதுகிறவரிடம் போய் ஸ்டாம்பு பேப்பரில் ஒப்பந்தம் எழுதினோம். தூண் இத்தனை, சிலாப் இத்தனை, ஆறடி பேஸ்மெண்ட், சிமெண்ட் ஷீட் கூரை. எழுதியவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். பெருமைக்காரன் என்று நினைத்திருப்பார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டு, வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு, காபி சாப்பிட்டுவிட்டுப் பிரிந்தோம்.

பூஜை போட்ட மறுநாளே கம்பெனியில் என்னை வால்பாறைக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு எஸ்டேட்டில் ஓடையிலிருந்து மேலே தண்ணீர் ஏற்ற வேண்டும். அளவெடுத்து வா என்றார்கள். போன இடத்தில் பிடித்துக்கொண்ட மழை விடவில்லை. மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர் வீட்டு முன்னறையில் அட்டைப்பூச்சிக்குப் பயந்து உட்கார்ந்துகொண்டு, பூமிக்குள் இறங்கும் படிக்கட்டுக்கு மரத்தில் கைப்பிடி வைப்பதா இரும்பில் வைப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்குக் கண்ணைத் திறக்காமல் இறங்க வசதியாக மரம்தான் நல்லது என்று முடிவு செய்தேன்.

திரும்பி வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, அக்காவையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு இடத்தைப் பார்க்கப் போனேன். தூரத்திலிருந்தே தெரிந்தது. நாலு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கருங்கல் சுவர். ஒரு பக்கம் மட்டும் மண் வண்டி உள்ளே போய்வர இடைவெளி விட்டிருந்தார்கள். வெளியே தூண்களும் சிலாப்புகளும் அடுக்கிக் கிடந்தன. கண்ட்ராக்டர் மோட்டார் சைக்கிள்மேல் உட்கார்ந்து என் முகத்தையே ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடிங்க தம்பி? நிமிந்து நிக்குதுங்களா?"

"என்னங்ணா இது? பேஸ்மெண்ட் எங்க?"

அவர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "இதானுங்க."

"பேஸ்மெண்ட்னா கீழ இருக்கோணுமுங்க!"

"கீழதானுங்க இருக்குது. ஊட்டுக்குக் கீழதான இருக்குது? இதுக்கு மேலதானுங்க ஊடு வரும்."

பந்தியில் நான் சொல்லிச் சிரிக்க வைக்கிற இடம் இதுதான். இதற்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரே ஸ்டாம்பு பேப்பரை ஆளுக்கொரு நுனியில் பிடித்துக்கொண்டு, அதே வரியில் விரலை வைத்துக் கத்தினோம். ரயில்வே குடியிருப்பிலிருந்து ஜனம் கூடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, எல்லாருக்கும் பொழுது போக வேண்டாமா? "என்னங்க, யானை கட்டறதுக்குங்களா?" என்று ஒருவன் கேட்டான். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "கம்பம் ஊத்தறவன்கிட்ட ஊடு கட்டக் குடுத்தேன் பாருங்க, என்னையச் சொல்லோணும்" என்றேன். அவர் விடுவாரா? "படம் போட்டீங்களே, தரை எங்கீங்க போட்டீங்க? தரை எதுன்னு தெரியாதவரு பேச வந்துட்டாரு" என்றார். கூட்டம் ஓவென்று சிரித்தது. கண்ட்ராக்டரும் கூட்டத்தைப் பார்த்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது. படம் என் பிழைப்பு. அதில் கை வைத்துவிட்டார்.

"இப்ப என்னங்கறீங்க? நாளைக்கு மண்ணு வண்டி வருது. ரொப்பறதா, வேண்டாமா?" என்றார்.

அப்போது யாரோ என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினேன். அக்கா.

"கண்ணு, ரொப்பாம உட்டா என்ன?" குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். "மேல சிலாப்பப் போட்டு மூடிப்போட்டா உள்ள இருட்டாத்தான இருக்கும்? ஒரு சின்னக் கதவு உட்டாப் போதும். எனக்கு இதே போதும் கண்ணு."

கண்ட்ராக்டருக்கும் அது கேட்டுவிட்டது. கத்திக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டுச் சுவரை ஒரு நோட்டம் விட்டார். "பாம்பு கீம்பு வராமப் பாத்துக்கோணும். மத்தபடி செஞ்சுபோடலாமுங்க" என்றார்.

அவர் சரி என்று சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"உனக்கென்னக்கா தெரியும்? ஊட்டுக்கடில போய்ப் படுக்கறதுக்கு இதென்ன ஆட்டுப்பட்டியா? பெரிய மனுசங்க பேசறப்ப வாயை மூடிட்டு இரு!"

என்னை வளர்த்தவளைப் பார்த்துப் பெரிய மனுசங்க என்றேன். கூட்டத்தில் இரண்டு பேர் அதற்கும் சிரித்தார்கள். அக்காவின் கை என் சட்டையை விட்டது. நான் கண்ட்ராக்டர் பக்கம் திரும்பி, "ரொப்புங்க. முழுசா ரொப்புங்க" என்றேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது அக்கா முன்னால் நடந்து போய்விட்டாள். என் மனைவி கொஞ்ச தூரம் என் பின்னாலேயே வந்தாள். பிறகு சொன்னாள்: "நீங்க வால்பாறைல இருந்தப்ப அண்ணி தினமும் வேலையாளுகளுக்கு மோர் கொண்டு போவாங்க. ஒரு நாள் அங்கயே மண்டையிடி வந்துருச்சு. அந்தச் செவுத்து மூலைல, நெழல்ல, முந்தாணிய விரிச்சுப் படுத்துட்டாங்க. சித்த நேரங்கழிச்சு எந்திரிச்சப்ப மொகம் தெளிஞ்சிருந்துது. இதுதான் என்ற தம்பி எனக்குக் கட்டற ரூம்புன்னு சொல்லிட்டிருந்தாங்க."

இதைக் கேட்ட பிறகாவது நான் திரும்பி ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. மறுநாள் வண்டிகள் வந்தன. செம்மண் ஏற்றிய மாட்டு வண்டிகள், ஒன்றன்பின் ஒன்றாக, அந்த இடைவெளி வழியாக உள்ளே போய்க் கவிழ்த்துவிட்டு வெளியே வந்தன. ஆறடி உயரத்தை ரொப்புவது லேசில் முடியவில்லை, நாட்கணக்கில் ஆனது. தினமும் வேலை விட்டதும் சைக்கிளில் அங்கே போய் நிற்பேன். ஒவ்வொரு வண்டி கவிழும்போதும், இப்போது நிறுத்தச் சொன்னால்கூடப் போதும் என்று தோன்றும். கணுக்கால் வரை மண் இருந்தபோது தோன்றியது. முழங்கால் வரை ஏறியபோது தோன்றியது. அக்கா படுத்த மூலை எது என்று தேடினேன். எல்லா மூலையும் ஒன்றாகத்தான் இருந்தது. நிறுத்தச் சொன்னால் கண்ட்ராக்டர் என்ன நினைப்பார் என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவர் ஒன்றும் நினைத்திருக்க மாட்டார். இப்போது எனக்கு அது நன்றாகத் தெரியும்.

மண் கெட்டித்த பிறகு வேலை மளமளவென்று நடந்தது. தூண் நட்டார்கள். காடிக்குள் சிலாப் இறங்கியது. காலையில் வெட்டவெளியாக இருந்த இடத்தில் சாயந்திரம் சுவர் நின்றது. அவிநாசியிலிருந்துகூட ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். புதுமனை புகுவிழாவுக்கு முன்னால் ஒரு சீப்பு பழம் வாங்கிக்கொண்டு கண்ட்ராக்டர் வீட்டுக்குப் போனேன். "அன்னைக்கு வாய் தடிச்சுப்போச்சுங்ணா, மனசுல வெச்சுக்காதீங்க" என்றேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அட நானுந்தானுங்க பேசிப்போட்டேன்" என்று சிரித்தார். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதர்கள். அவரிடம் மன்னிப்புக் கேட்டது எனக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

அக்காவிடம் நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தினமும் நினைத்தேன். காலையில் அவள் இட்லி எடுத்து வைக்கும்போது சொல்லலாம் என்று வாயெடுப்பேன். "இன்னொண்ணு வெச்சுக்க கண்ணு" என்பாள். வாய் மூடிக்கொள்ளும். கூடப் பிறந்தவளிடம் என்ன மன்னிப்பு என்று ஒரு சால்ஜாப்பு. அவள் மறந்திருப்பாள், நாமே ஏன் கிளற வேண்டும் என்று இன்னொன்று. இப்படியே வருஷங்கள் போய்விட்டன.

வீடு எப்படி இருந்தது என்றால், தலைவலிக்காரர்களுக்கென்றே தண்டனையாகக் கட்டியது போல இருந்தது. சிமெண்ட் ஷீட் வெயிலை வாங்கி அப்படியே கீழே இறக்கியது. மெல்லிய சிலாப் சுவர் ரயில் வரும்போதெல்லாம் காடிக்குள் கடகடவென்று ஆடியது. அவ்வளவு உயரத்தில் மரமோ பக்கத்து வீடோ மறைக்காததால் காலை வெயிலும் எங்களுக்குத்தான், மாலை வெயிலும் எங்களுக்குத்தான். ஜங்ஷன் விளக்குகள்கூட ராத்திரியில் நேராகக் கூடத்துக்குள் விழுந்தன.

ஆனால் அக்காவின் தலைவலி நின்றுவிட்டது.

முதலில் நான் கவனிக்கவில்லை. சில மாதம் கழித்துத்தான், கட்டிலைச் சுற்றிக் கம்பளி தொங்கி ரொம்ப நாளாயிற்றே என்று நினைவு வந்தது. ஒரு தடவை கேட்டேன். "அதெல்லாம் போயே போச்சு கண்ணு" என்றாள். எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. உயரத்துக் காற்று, பாலக்காட்டுக் கணவாயிலிருந்து நேராக அடிக்கிற காற்று, அதுதான் மருந்து என்று நானே கண்டுபிடித்தேன். ஆபீசில் சொன்னேன். கண்ட்ராக்டரிடம் சொன்னேன், அவர் அதையும் சேர்த்து, "நம்ம ரெடிமேட் ஊட்டுல மண்டையிடியே வராதுங்க" என்று ஊரெல்லாம் சொல்லி இன்னும் இரண்டு வீடு கட்டுகிற வேலை பிடித்தார். நான் செய்த தப்பு நல்லதாகவே முடிந்தது என்று நம்பினேன். நம்ப ஆசையாக இருந்தது, நம்பினேன். பந்திகளில் கதை சொல்ல ஆரம்பித்ததும் அந்தச் சமயத்தில்தான்.

அறுபதுகளின் நடுவில் கோடையில் கரண்ட் வெட்டு அதிகம். ஒரு நாள் மத்தியானத்தோடு கம்பெனியை மூடிவிட்டார்கள். கொளுத்துகிற வெயிலில் வீட்டுக்கு வந்தேன். சரக்கு வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. வீடு ஆடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் நான் படியேறியது யாருக்கும் கேட்கவில்லை.

சமையலறையில் அக்கா ஆட்டுக்கல்லுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். தலையில் துணி. நெற்றித் தோல் பிதுங்குகிற அளவுக்கு இறுக்கிக் கட்டியிருந்தாள். கண் மூடியிருந்தது. கண்ணைத் திறக்காமலே ஒரு கையால் குழவியைச் சுற்றிக்கொண்டு, மறு கையால் மாவைத் தடவித் தடவித் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். மூடின கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. ரயில் பெட்டி ஒவ்வொன்றும் தண்டவாள இணைப்பில் தடக்கென்றபோது அவள் தோள் ஒரு தடவை தூக்கிப்போட்டது. கை மட்டும் நிற்கவில்லை.

என் மனைவி பின்கட்டிலிருந்து வந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள். உதட்டில் விரலை வைத்து, என்னை வெளியே படிக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

"எத்தனை நாளா இது?"

"என்னைக்குங்க நின்னுது?"

"எங்கிட்ட ஏன் சொல்லுல?"

"சொல்லக்கூடாதுன்னு என்ற கையில சத்தியம் வாங்கிப்போட்டாங்க." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அக்கா பேசியதை அப்படியே சொன்னாள். "என்ற மண்டையிடிக்கின்னு ஊடு கட்டப் போயித்தான அவன் நாலு பேரு முன்னால தலை குனிஞ்சு நின்னான், இனி அந்தப் பேச்சே இந்த ஊட்டுல வேண்டாம் அம்மணின்னாங்க."

தலை குனிய வைத்தது நான். குனிந்து போனவள் அவள். இத்தனை வருஷமாக அதைத் தன் குற்றமாக வைத்துக்கொண்டு, அந்தச் சூட்டில், அந்த வெளிச்சத்தில், எனக்குத் தோசைக்கு ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். 

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, இப்போதுதான் வருகிறவன் போலக் கீழே இறங்கிச் சைக்கிள் மணியை அடித்தேன். செருப்பைத் தேய்த்து நடந்து உள்ளே போனேன். அதற்குள் தலைத்துணி இடுப்புக்குப் போயிருந்தது. முகம் கழுவியிருந்தாள். நெற்றியில் துணி இறுக்கின தடம் சிவப்பாகச் சுற்றி ஓடியது. வாசல் பக்கத்து வெளிச்சத்துக்கு எதிரே நின்று, கண்ணைச் சுருக்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"கரண்ட்டு இல்லியா கண்ணு? வெயில்ல வந்திருக்கறே. மோர் கொண்டு வாரேன், உக்காரு."

"அக்கா, தலை வலிக்குதா?"

அவள் தூணைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு வண்டி வந்துகொண்டிருந்தது; சிலாப்புகள் ஆட ஆரம்பித்தன. அது போய் முடியும் வரை அவள் தூணை விடவில்லை.

"ஊடு நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஒரு கொறையும் இல்ல" என்றாள்.

நான் வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை.